மண்சட்டி இரண்டு, கியாந்தி ஆறு

மண்சட்டி உடையும்போது பெரிய சத்தமெல்லாம் வராது. ‘டிக்’ என்று ஒன்று, அவ்வளவுதான். வேறெங்கோ ஏதோ என்று நினைத்தேன். இரண்டு விநாடி கழித்துச் சட்டியின் அடியிலிருந்து கருஞ்சிவப்பாக ஒரு கோடு இறங்கியது. பர்னரை அணைத்தது. அடுப்பு மேடை முழுக்கப் பரவி, விளிம்பிலிருந்து தரைக்குச் சொட்டத் தொடங்கியது. முக்கால் லிட்டர் ஒயின். கூடத்திலிருந்து ஓடிவந்த அறைத்தோழன் ஒரு நிமிடம் பார்த்துவிட்டுச் சொன்னான்: “நீயும் குடிக்கல, நானும் குடிக்கல. அடுப்பு குடிச்சிருச்சுடா.”

இத்தாலியின் ஃபுளோரன்ஸில் எனக்கு இது இரண்டாவது குளிர்காலம். ஒரு பாட்டில் ஒயினை எதோடு சாப்பிட்டால் நன்றாக இருக்கும் என்று பார்க்கப்போய், டிசம்பரில் தொடங்கி பிப்ரவரி வரை இழுத்துவிட்ட வேலை. மொத்தக் கணக்கு தலைப்பில் இருக்கிறது.

கிறிஸ்துமஸுக்கு ஆய்வகத்தில் ஆளுக்கொரு பெட்டி கொடுத்தார்கள். உள்ளே ஒரு பானெத்தோனே, அதாவது உலர்திராட்சை போட்டுக் கோபுரம் மாதிரி உப்பிய இனிப்பு ரொட்டி. கூடவே கியாந்தி கிளாசிகோ என்ற சிவப்பு ஒயின் ஒரு பாட்டில். அன்றிரவே பாட்டிலைத் திறந்து, இனிப்பு ரொட்டியைக் கடித்துக்கொண்டு ஒரு வாய் குடித்தேன். காடி. நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக்கொண்டது. கொட்டைப்பாக்கை மென்றால் கன்னத்தின் உட்பக்கம் சுருங்குமே, அப்படி. தொண்டையில் சாராய நெடி வேறு. அரைக் கிளாசோடு மூடிவைத்தேன்.

மறுநாள் படிக்கட்டில் கீழ்வீட்டு அம்மாவைப் பார்த்தபோது சொன்னேன். எழுபதைத் தாண்டியவர். நான் அவரை சிஞோரா என்பேன், அவர் என்னை ‘பையா’ என்பார். கேட்டுவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார். “இனிப்போடவா குடிச்சே? பாட்டிலை எங்கே வெச்சிருந்தே?” ஹீட்டருக்கு மேலே இருக்கும் அலமாரியில் என்றேன். அதற்கு அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது. கடைசியில், “அது சோத்துக்கூட குடிக்கிறது. பெப்போஸோ செய். செஞ்சிட்டு வந்து பேசு” என்றார். சோறு என்றா சொன்னார்? இல்லை. ஆனால் அவர் சொன்ன தொனிக்கு அதுதான் தமிழ். பெப்போஸோ என்பது மிளகும் ஒயினும் ஊற்றி வேகவைக்கிற இந்த ஊர் மாட்டிறைச்சிக் குழம்பு.

உப்பும் நாவல்பழமும்

பாட்டிலில் முக்கால் பங்கு மிச்சம் இருந்தது. அதை ஃபிரிட்ஜில் வைத்து, அன்று மாலையே வெளியே எடுத்துச் சமையல் வெப்பமானியை நுழைத்துப் பார்த்தேன். 16 டிகிரி வந்ததும் ஊற்றினேன். முந்தைய இரவு அது குறைந்தது 25 டிகிரியில் இருந்திருக்கும். சூடு ஏற ஏற சாராயம் முன்னால் வந்து மூக்கில் நிற்கும், பழ வாசனை பின்னால் போய்விடும். சிவப்பு ஒயினை ‘அறை வெப்பத்தில்’ பரிமாற வேண்டும் என்று எழுதுகிறார்களே, அந்த அறை ஹீட்டர் இல்லாத பழைய கல்வீட்டு அறை. 16 முதல் 18 டிகிரி. இதைச் சரிசெய்ததிலேயே பாதிக் குறை போயிற்று.

மீதிப் பாதி துவர்ப்பு. மூன்று சின்ன டம்ளரில் ஒரே அளவு ஊற்றிக்கொண்டேன். முதலாவதைச் சும்மா குடித்தேன். இரண்டாவதற்கு முன் நாக்கில் இரண்டு கல் உப்பு. மூன்றாவதற்கு முன் ஒரு ஸ்பூன் ஆலிவ் எண்ணெய். உப்புக்குப் பிறகு குடித்தபோது நான் சிரித்துவிட்டேன். இது தெரிந்த விஷயம்தான். நாவல்பழத்தை உப்புப் போட்டுக் குலுக்கித் தின்ற எல்லோருக்கும் தெரிந்தது. உப்பு பட்டதும் துவர்ப்பின் முனை மழுங்கி, உள்ளே இருந்த பழம் வெளியே வருகிறது. எண்ணெய்க்குப் பிறகு குடித்தது வேறு மாதிரி. நாக்கில் வழுவழுப்பு இருக்கும்போது துவர்ப்புக்குப் பிடிமானம் கிடைக்கவில்லை.

விஷயம் இதுதான். சிவப்பு ஒயினில் திராட்சைத் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் இறங்கிய டானின் இருக்கிறது. அது எச்சிலில் உள்ள புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். எச்சிலின் வழுக்கல் போய்விடும், வாய் வறண்டு இழுக்கும். வாயில் இறைச்சியோ பாலாடைக்கட்டியோ இருந்தால் டானினுக்கு வேறு வேலை கிடைத்துவிடுகிறது, எச்சிலை விட்டுவிடுகிறது. ஆறு சுவையில் துவர்ப்பையும் ஒன்றாக எண்ணி வளர்ந்த நமக்கு இதைப் புரிந்துகொள்ளத் தனிப் பாடம் வேண்டியதில்லை. வாழைப்பூவும் மாதுளைத் தோலும் சொல்லிக்கொடுத்ததுதான்.

இனிப்போடு ஏன் காடி ஆயிற்று என்பதையும் அன்றே மறுபடி பார்த்தேன். ஒரு விள்ளல் பானெத்தோனே, ஒரு வாய் ஒயின். சர்க்கரை நாக்கில் இருக்கும்போது ஒயினில் உள்ள கொஞ்சநஞ்ச இனிமையும் தெரியாமல் போய், புளிப்பு மட்டும் தனியாக நிற்கிறது. காப்பியோடு ஜிலேபி சாப்பிட்டால் காப்பியில் சர்க்கரையே போடாத மாதிரி இருக்குமே, அந்தக் கதை. இனிப்புக்கு இந்த ஊர்க்காரர்கள் வின் சாந்தோ என்று வேறு ஒயின் வைத்திருக்கிறார்கள். உலரவைத்த திராட்சையில் செய்வது. பாதாம் பிஸ்கட்டை அதில் நனைத்துத் தின்பார்கள்.

சேவல் எங்கிருந்து வந்தது

பாட்டிலில் இருக்கும் Chianti என்ற எழுத்தைப் பார்த்தால் சியாண்டி என்று படிக்கத் தோன்றும். இத்தாலிய உச்சரிப்பு கியாந்தி. ஃபுளோரன்ஸுக்கும் சியேனாவுக்கும் நடுவே கிடக்கும் குன்றுப் பிரதேசத்தின் பெயர் அது. 1716-இலேயே இந்த வட்டாரமான தொஸ்கானாவை ஆண்ட மூன்றாம் கோசிமோ தெ மெதிச்சி, இன்ன எல்லைக்குள் விளைந்ததைத்தான் இந்தப் பெயரில் விற்கலாம் என்று ஆணை போட்டுவிட்டார். ஒயினுக்குச் சட்டப்படி எல்லை வரைந்த மிகப் பழைய ஆணைகளில் ஒன்று. ஆனால் பெயர் விலைபோகத் தொடங்கியதும் அக்கம்பக்கத்து ஊர்களும் கியாந்தி என்றே விற்கத் தொடங்கின. 1932-இல் அரசும் அந்தப் பெரிய வட்டாரத்தையெல்லாம் கியாந்தி என்று ஒத்துக்கொண்டது. பழைய மையப் பகுதிக்கு மட்டும் ‘கிளாசிகோ’ என்ற வால் கிடைத்தது. ஆகவே கடையில் ‘கியாந்தி’ வேறு, ‘கியாந்தி கிளாசிகோ’ வேறு. இரண்டாவதன் பாட்டிலில் கறுப்புச் சேவல் இருக்கும்.

சேவலுக்கு ஒரு கதை சொல்கிறார்கள். ஃபுளோரன்ஸும் சியேனாவும் எல்லைக்காக ஓயாமல் அடித்துக்கொண்ட காலம். கோழி கூவியதும் இரண்டு ஊரிலிருந்தும் ஒரு குதிரைவீரன் கிளம்ப வேண்டும், சந்திக்கிற இடம் எல்லை என்று முடிவாயிற்று. சியேனாக்காரர்கள் வெள்ளைச் சேவலை நன்றாகத் தீனி போட்டு வளர்த்தார்கள். ஃபுளோரன்ஸ்காரர்கள் கறுப்புச் சேவலைப் பட்டினி போட்டார்கள். பசித்த சேவல் விடியுமுன்பே கூவிவிட்டது. கடைசியில் சியேனாவுக்குப் பக்கத்தில்தான் இரண்டு பேரும் சந்தித்தார்களாம். கதை உண்மையோ இல்லையோ, கியாந்தி முக்கால்வாசியும் ஃபுளோரன்ஸ் வசம் போனது உண்மை. சிஞோராவின் அம்மா வழி சியேனா. இந்தக் கதையைச் சொன்னால் இன்றைக்கும் “ஏமாத்துக்காரங்க” என்பார்.

உள்ளே இருக்கும் திராட்சை சாஞ்ஜோவேசே. கிளாசிகோவில் 80 சதவீதமாவது அதுதான் இருக்க வேண்டும். முழுக்க அதுவே இருந்தாலும் சரி. பழைய காலத்தில் வெள்ளைத் திராட்சையும் கொஞ்சம் கலப்பார்கள். 2006 அறுவடையிலிருந்து கிளாசிகோவில் அதற்கு இடமில்லை. சாஞ்ஜோவேசேயின் குணம் புளிப்பு. நிறமும் அப்படியொன்றும் அடர்த்தி இல்லை, டம்ளருக்குப் பின்னால் விரலை வைத்தால் தெரியும். ஒயின் எழுத்தாளர்கள் புளிப்புச் செர்ரி, ஊதாப்பூ, காய்ந்த மூலிகை என்று எழுதுவார்கள். செர்ரி எனக்கு இங்கே வந்த பிறகுதான் பழக்கம். என் நாக்குக்கு முதலில் பட்டது நாவல்பழத் தோல், அடுத்து கொடுக்காப்புளி, பிறகு காய்ந்த துளசி. சொல்லிப் பார்த்தேன், அறைத்தோழன் முகர்ந்துவிட்டு “துளசி சரி, மத்தது உன் கற்பனை” என்றான்.

பன்னிரண்டு மாதத்தில் வெளியே வருவது அன்னாட்டா. இரண்டு வருடம் வைத்திருந்தால் ரிசெர்வா. முப்பது மாதமும் சொந்தத் தோட்டத்துத் திராட்சையுமாக இருந்தால் கிரான் செலெட்சியோனே. விலை படிப்படியாக ஏறும். வீட்டுச் சாப்பாட்டுக்கு அன்னாட்டா போதும் என்பது என் கட்சி. மரப் பீப்பாய் வாசனை தூக்கலாக இருப்பது தட்டில் இருக்கிற எதையும் பேசவிடாது.

முதல் சட்டி

பெப்பே என்றால் மிளகு, பெப்போஸோ என்றால் மிளகு மயம். ஃபுளோரன்ஸுக்குத் தெற்கே இம்ப்ருனேத்தா என்ற ஊர், சுட்ட மண்ணுக்குப் பேர்போனது. ஃபுளோரன்ஸ் பேராலயத்துக்கு புருனெல்லெஸ்கி 1420 முதல் 1436 வரை கட்டிய அந்தப் பெரிய குவிமாடம் இருக்கிறதே, அதன் ஓடுகள் அந்த ஊர்ச் சூளையில் வெந்தவை. சூளைக்காரர்கள் காலையில் மாட்டிறைச்சி, பூண்டு, மிளகு, ஒயின் எல்லாவற்றையும் ஒரு சட்டியில் போட்டுச் சூளை வாயில் வைத்துவிட்டு வேலைக்குப் போவார்களாம். சாயங்காலம் எடுத்துத் தின்பார்களாம். அப்படிப் பிறந்ததுதான் இது என்கிறார்கள். இறைச்சியின் பழைய வாடையை மறைக்கத்தான் அவ்வளவு மிளகு என்று ஒரு விளக்கமும் உண்டு. எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. அன்றைக்கு மிளகு மலபாரிலிருந்து கடல் தாண்டி, வெனிஸ் வியாபாரி கை மாறி வந்த சரக்கு. கெட்டுப்போன இறைச்சியைக் காப்பாற்ற அதைக் கைநிறைய அள்ளிப்போடும் சூளைக்காரன் எங்கே இருந்திருப்பான்? மிளகு மலிந்த பிறகு கூடியிருக்க வேண்டும்.

மிளகுக்குத் தமிழில் பழைய பெயரே கறி. யவனர் பொன்னோடு வந்து கறியோடு போனதைச் சங்கப் புலவர்கள் பாடியிருக்கிறார்கள். அவர்கள் கொண்டுவந்த தேறலையும் பாடியிருக்கிறார்கள். அரிக்கமேட்டில் தோண்டியெடுத்த சாடித் துண்டுகளில் இத்தாலியிலிருந்து ஒயின் சுமந்துவந்தவையும் உண்டு. இங்கிருந்து ஒயின் போய், அங்கிருந்து மிளகு வந்த கணக்கு ரொம்பப் பழையது. நான் கடையில் வாங்கிய மிளகு பாக்கெட்டில் மட்டும் ‘வியட்நாம்’ என்று இருந்தது.

ஜனவரி முதல் வாரம் சந்தையில் உட்பக்கம் மெருகு போட்ட மண்சட்டி ஒன்று வாங்கினேன். விற்றவர் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவை என்றார். நான் ஊர்ப் பழக்கத்தில் மூன்று நாள் அரிசி களைந்த தண்ணீரில் ஊறவைத்து, கஞ்சி காய்ச்சிப் பழக்கினேன். சட்டியில் குறையில்லை. குறை என் கையில்.

குறிப்பில் ‘எல்லாவற்றையும் பச்சையாகப் போட்டு ஒயினை ஊற்றி அடுப்பில் வை’ என்றுதான் இருந்தது. தாளிப்பு இல்லை, வதக்கல் இல்லை, எண்ணெயே இல்லை. ஒரு கிலோ கறியை வதக்காமல் எப்படி? மனசு கேட்கவில்லை. சட்டியை நல்ல தீயில் காயவைத்து, எண்ணெய் விட்டு, வெங்காயம் போட்டு, கறியைப் புரட்டிச் சிவக்கவிட்டேன். வாசனை பிரமாதம். பால்கனியில் வைத்திருந்த ஒயின் பாட்டிலை எடுத்து அப்படியே கவிழ்த்தேன். வெளியே அன்று 4 டிகிரி. ‘டிக்’.

துடைத்து முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. துடைத்துக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது. சூளைக்காரன் சமையல் தெரியாமல் வதக்காமல் விடவில்லை. அது மண்சட்டிக்கான சமையல். சட்டி, கறி, ஒயின் மூன்றும் ஒரே குளிர்ச்சியில் தொடங்கி ஒன்றாகச் சூடேற வேண்டும். நடுவில் எதையும் ஊற்றக் கூடாது. ஊற்ற வேண்டியிருந்தால் கொதிக்கவைத்து ஊற்ற வேண்டும். வதக்குவதற்கு இரும்புச் சட்டி வேறு, அதன் சாஸ்திரம் வேறு.

குக்கர் வைபவம்

இரண்டாவது முயற்சியைச் சீக்கிரம் சொல்லி முடிக்கிறேன். அறைத்தோழன் கும்பகோணத்திலிருந்து தூக்கிவந்த குக்கரில் கறி, பூண்டு, மிளகு, அரை பாட்டில் ஒயின் போட்டு 40 நிமிடம் வைத்தேன். அவன் சைவம். “இந்த குக்கர்ல இனிமே நான் பருப்பு வைக்க மாட்டேன்” என்று அறிவித்துவிட்டு வெளியே போய்விட்டான். கறி மெத்தென்று வெந்திருந்தது. ஆனால் மூடியைத் திறந்ததும் பச்சை ஒயின் நெடி முகத்தில் அடித்தது. சாறு தண்ணீராக இருந்தது. மூடிய பாத்திரத்தில் எதுவும் வெளியே போகவில்லை, சாராயமும் போகவில்லை, தண்ணீரும் போகவில்லை. திறந்து வைத்து அரை மணி நேரம் சுண்டவைத்தால் கறி நூலாகப் பிரிந்து சாற்றில் கரைந்துவிட்டது. தின்றோம் என்று சொல்லலாம். நான் தின்றேன்.

மிச்ச அரை பாட்டிலுக்கு அந்த வாரமே ஒரு சோதனை வைத்தேன். காய்ந்த மிளகாய் கிள்ளிப்போட்ட மட்டன் சுக்கா. கொழுப்பு இருக்கிறது, உப்பு இருக்கிறது, கணக்குப்படி பொருந்த வேண்டும். பொருந்தவில்லை. மிளகாய் எரிந்துகொண்டிருக்கும் நாக்கில் ஒயினை ஊற்றினால் சாராயம் காரத்தைத் தூக்கிவிடுகிறது. துவர்ப்பும் இரண்டு மடங்கு தெரிகிறது. பழமெல்லாம் காணாமல் போயிற்று. இதற்கு மோர்தான். மிளகாய் அதிகமிருக்கிற எந்த உணவுக்கும் இந்த ஒயினைச் சிபாரிசு செய்ய மாட்டேன், யார் என்ன சொன்னாலும்.

ஈர அட்டை வாசனை

பிப்ரவரியில் இரண்டாவது சட்டி. இந்த முறை அடுப்புக்கும் சட்டிக்கும் நடுவே வைக்கிற துளைபோட்ட இரும்புத் தட்டையும் வாங்கினேன். தீ ஒரே இடத்தில் சுடாமல் பரவும். சமைக்க சூப்பர்மார்க்கெட் கியாந்தி ஒன்று, ஐந்து யூரோவுக்குள். மரப் பீப்பாய் வாசனை இல்லாத இளசு ஒயின்தான் இதற்கு வேண்டும். சுண்டும்போது மர வாசனை கசப்பாக மாறும். குடிக்க ஒரு கிளாசிகோ அன்னாட்டா.

அந்தக் கிளாசிகோவைத் திறந்து முகர்ந்தபோது பழமே இல்லை. மழையில் நனைந்த அட்டைப்பெட்டி, பூட்டிக்கிடந்த அறை. குடித்தால் ஒன்றுமே இல்லாத மாதிரி ஒரு தட்டைச் சுவை. இதற்குப் பெயர் தக்கைக் கோளாறு. தக்கையில் உண்டாகும் டி.சி.ஏ என்ற ஒரு பொருள் ஒயினில் இறங்கிவிடுகிறது. உடம்புக்குக் கெடுதல் இல்லை, ஆனால் துளியூண்டு இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். பார்த்து வாங்கித் தப்பிக்க முடியாது, பாட்டிலுக்குள் என்ன இருக்கிறதென்று திறந்தால்தான் தெரியும். சமையலில் போட்டால் போய்விடுமா என்று ஒரு கரண்டியைச் சுடவைத்துப் பார்த்தேன். போகவில்லை. சூட்டில் இன்னும் எழும்பியது. தக்கையைத் திருப்பிப் பொருத்திக் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் ஒரு தடவை முகர்ந்தார், முகம் சுளித்தார், வேறு பாட்டிலைக் கையில் கொடுத்தார். பேச்சே இல்லை.

மூன்றாம் முறை

ஒரு கிலோ கறி, காலின் கீழ்ப்பகுதி. இங்கே முஸ்கோலோ என்று கேட்க வேண்டும். உள்ளே ஜவ்வு ஓடியிருக்கும், அதுதான் உருகிச் சாற்றைக் கெட்டியாக்கும். வழுவழுவென்ற தொடைக்கறி வாங்கினால் சக்கையாகிவிடும். உள்ளங்கையில் பாதி அளவுத் துண்டு. பூண்டு ஒரு முழுத் தலை, பல்லைத் தோலோடு. மிளகு இரண்டு மேசைக்கரண்டி: பாதி முழுசாக, பாதியை உரலில் இரண்டு இடி. பொடியாக்கக் கூடாது, பொடி கசக்கும். உப்பு, இரண்டு பிரிஞ்சி இலை. கறி மூழ்கும்வரை ஒயின். 750 மில்லியில் ஒரு டம்ளர் மட்டும் மிஞ்சியது. தக்காளி போடுகிற வீடுகளும் உண்டு. புருனெல்லெஸ்கி காலத்தில் தக்காளி ஐரோப்பாவுக்கே வரவில்லை என்பதால் நான் போடவில்லை. கொஞ்சம் வீம்புதான்.

10:15-க்கு எல்லாம் குளிர்ச்சியாகச் சட்டியில் இறங்கியது. தீ எவ்வளவு குறையுமோ அவ்வளவு. 11:20-க்குத்தான் ஓரத்தில் முதல் குமிழ். அந்த ஒரு மணி நேரமும் பொறுமை போய் இரண்டு தடவை தீயைக் கூட்டக் கை நீண்டது. உடைந்த சட்டி பால்கனியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தது. முதல் மணியில் நெடி கண்ணைக் கரிக்கும். சாறு பார்க்கவே பயம், கரும் ஊதாவில் சாம்பல் நுரை. கறியும் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்துவிட்டது. வதக்காமல் விட்டது தப்போ என்று மறுபடி தோன்றியது. மதியம் ஒரு மணிவாக்கில் ஒரு மாற்றம். நெடி போய்ப் பூண்டு வாசனை வந்தது. ஊதா விலகி செம்பழுப்பு ஏறியது. மூடியை அரை விரல் திறந்து வைத்தேன். இரண்டரைக்குக் கரண்டியின் முனையால் ஒரு துண்டை அழுத்தினால், எதிர்ப்பே காட்டாமல் இழை இழையாகப் பிரிந்து, ஆனால் உடையாமல் நின்றது. அணைத்து, ஆறவிட்டு, பூண்டைத் தோலிலிருந்து பிதுக்கிச் சாற்றில் கலந்தேன். சாறு கரண்டியின் முதுகில் படிந்தது. விரலால் கோடு இழுத்தால் கோடு நின்றது.

கிளாசிகோவை ஒரு மணி நேரம் முன்பே திறந்து, 17 டிகிரியில் வைத்திருந்தேன். முதலில் ஒயினைச் சும்மா ஒரு வாய். அதே புளிப்பு, அதே இழுப்பு, டிசம்பரில் பார்த்த ஆள்தான். பிறகு ஒரு துண்டு கறி. மிளகு மிளகாயைப் போல நாக்கில் உட்கார்ந்து எரிக்கவில்லை. மூன்று மணி நேரம் வெந்ததில் சீற்றம் அடங்கி, தொண்டையில் ஒரு கதகதப்பாகவும் மூக்கில் வாசனையாகவும் மட்டும் இருந்தது. உதட்டில் ஜவ்வுப் பிசுக்கு. அந்தப் பிசுக்கு இருக்கும்போதே அடுத்த வாய் ஒயின். புளிப்பு நேராகப் போய்ப் பிசுக்கைக் கழுவியது. இழுப்பு எங்கே என்று தேட வேண்டியிருந்தது. சும்மா குடித்தபோது தெரியாத பழம் இப்போது தெரிந்தது. கூடவே ஒரு பூ வாசனை. வாய் சுத்தமாகி அடுத்த துண்டைக் கேட்டது. பருப்புச் சோற்றுக்கு நடுவே ரசம் செய்கிற வேலை.

தொஸ்கானா ரொட்டியில் உப்பே இருக்காது. வந்த புதிதில் அட்டையைத் தின்பதுபோல இருக்கிறதே என்று திட்டியிருக்கிறேன். பீசா நகரத்துக்காரர்கள் உப்புக்கு வரி போட்டதால் என்று காரணக் கதை சொல்வார்கள். அந்த ரொட்டியையும் இந்த ஒயினையும் மட்டும் வைத்துச் சாப்பிட்டால் இரண்டும் கெட்டது. ரொட்டியைச் சாற்றில் முக்கினால்தான் நியாயம் புரிகிறது. உப்பும் மிளகும் ஜவ்வும் தாராளமாக இருக்கிற சாற்றுக்கு, தானாகப் பேசாத ரொட்டிதான் சரி. நாம் சோற்றில் உப்புப் போடுவதில்லையே.

அறைத்தோழனுக்கு வெள்ளை மொச்சை மாதிரி இருக்கும் கன்னெல்லீனி பயறு. முந்தைய இரவே ஊறவைத்து வேகவைத்து, ஆலிவ் எண்ணெயில் பூண்டும் சேஜ் இலையும் பொரித்து, தக்காளி மசித்துச் சேர்த்து வைத்தேன். இதுவும் தொஸ்கானாச் சமையல்தான். தக்காளியின் புளிப்பு ஒயினின் புளிப்பைவிடத் தூக்கலாக இருந்ததால் ஒயின் சாதுவாகிவிட்டது. புளிப்புக்குப் புளிப்புதான் மருந்து. அவன் இரண்டு கிளாஸ் குடித்தான். “உன் கறியைவிட இதுதான் ஒயினுக்குச் சரி” என்றான், கறியைத் தொடாமலே.

மறுநாள் பாட்டிலில் மிச்சமிருந்ததை வைத்து இன்னும் சில. சோம்பு போட்ட ஃபினோக்கியோனா என்ற பன்றியிறைச்சித் துண்டு அருமையாகப் பொருந்தியது. உப்பு, கொழுப்பு இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. மூன்று நான்கு மாதம் முதிர்ந்த பெக்கொரீனோ ஆட்டுப்பால் கட்டியும் அப்படியே. கூனைப்பூ (ஆர்ட்டிசோக்) தோல்வி. அதைத் தின்ற பிறகு எது குடித்தாலும் ஒரு பொய் இனிப்பு வருகிறது, நெல்லிக்காய் தின்று தண்ணீர் குடித்த மாதிரி. ஒயினும் அதில் மாட்டிக்கொண்டது. நெத்திலி படுதோல்வி. சிவப்பு ஒயினில் இருக்கும் இரும்புச் சத்து மீன் கொழுப்போடு சேர்ந்து கவிச்சியைக் கிளப்பிவிடுகிறது. அரை மணி நேரம் வாயிலேயே நின்றது.

பெப்போஸோ மறுநாள்தான் உச்சத்தில் இருந்தது. மீன்குழம்பு வைத்த எல்லோருக்கும் காரணம் தெரியும்.

முதல் நாள் மாலையே ஒரு கிண்ணம் நிறைய கீழே கொண்டுபோய்க் கொடுத்திருந்தேன். மறுநாள் காலை சிஞோரா கிண்ணத்தைக் கழுவித் துடைத்து, உள்ளே நாலு ஆரஞ்சு வைத்துக் கொண்டுவந்தார். கறி வெந்த பதம் சரி என்றார். வெங்காயம் போடாதது சரி என்றார். நான் எந்த ஊர்க்காரன் என்று புதிதாகக் கேட்பதுபோல மறுபடி கேட்டார். தென்னிந்தியா, தமிழ்நாடு என்றேன்.

“அப்படியா?” என்றார். “மிளகு பத்தலையே, பையா.”